உ. வே. சாமிநாதையர்

உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் (பெப்ரவரி 19, 1855 - ஏப்ரல் 28, 1942), சுருக்கமாக உ. வே. சா., தமிழாசிரியரும் பதிப்பாசிரியரும் உரைநடை எழுத்தாளரும் ஆவார். ஏட்டுச் சுவடிகளில் அழியும் நிலையிலிருந்த பண்டைத் தமிழ் நூல்கள் பலவற்றைத் தேடி, ஒப்பிட்டு, அச்சிட்டு வெளியிட்டவர். தமிழ்த் தாத்தா என்று அழைக்கப்படுகிறார்.

பதிப்பாசிரியராகவே பெரிதும் அறியப்பட்டாலும், இவருடைய தொழில் ஆசிரியப் பணியாகும். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியிலும், 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். இவருடைய படிப்பும் எழுத்தும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மனிதர்களால் தூண்டப்பட்டவை. தந்தை, கிராமத்து ஆசிரியர்கள், பெரும் புலவர் ஒருவர், நீதித்துறை அதிகாரி ஒருவர், கும்பகோணத்துச் சமணர்கள், உடன் பணியாற்றிய ஆசிரியர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர்.

பிறப்பும் இளமையும்

சாமிநாதையர் கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சூரியமூலை என்னும் சிற்றூரில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர், தாய் சரசுவதி அம்மாள். தந்தையின் ஊர் உத்தமதானபுரம் ஆகும். இவருக்கு இடப்பட்ட பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்பது வீட்டில் வழங்கிய பெயராகும்.

வேங்கடசுப்பையர் இசைக் கலைஞர். புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி ஊர் ஊராக இராமாயணம் சொல்லி அதன் வருவாயில் குடும்பத்தை நடத்தினார். நிலையான வருமானம் இல்லாமையால், ஆதரிப்போர் இருந்த ஊர்களுக்குக் குடும்பம் இடம் பெயர்ந்துகொண்டே இருந்தது. மகனும் இசையில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது தந்தையின் விருப்பமாக இருந்தது. ஆனால் மகனின் மனம் தமிழ்ச் செய்யுட்களில் ஈடுபட்டது. இதனை உணர்ந்த தந்தை அதனைத் தடுக்கவில்லை. மகனுக்குத் தமிழ் கற்பிக்கக்கூடியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டறிந்து, அந்த ஊரில் குடும்பத்துடன் தங்குவதையே வழக்கமாக்கிக் கொண்டார்.

தொடக்கக் கல்வி

அக்காலத்தில் சிற்றூர்களில் கல்வி திண்ணைப் பள்ளிக்கூடங்களிலேயே நடைபெற்றது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னர் ஓலையில் எழுத்தாணியால் எழுதக் கற்றனர். எண்சுவடி, நிகண்டு, சதகங்கள் ஆகியவை மனப்பாடம் செய்விக்கப்பட்டன. அச்சிட்ட நூல்கள் கிராமங்களில் அரிதாகவே கிடைத்தன. எனவே ஒரு நூலைப் படிப்பது என்பது பெரும்பாலும் அந்நூலை அறிந்த ஒருவரைத் தேடிச் சென்று பாடம் கேட்பதாகவே இருந்தது.

அரியலூரில் சடகோபையங்காரிடம் சாமிநாதையர் தமிழ் கற்றார். சடகோபையங்கார் இசையிலும் பழக்கம் உடையவர். செய்யுளைச் சுவையோடு சொல்லும் முறையால் மாணவருக்குத் தமிழில் முதல் ஈடுபாட்டை உண்டாக்கியவர் இவரே எனலாம். பின்னர்க் குன்னம், கார்குடி முதலிய ஊர்களிலும் கல்வி தொடர்ந்தது. செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக்காரிகையைக் கற்பித்தார். செய்யுள் இயற்றும் முறையை இவரிடம் கற்ற பின்னர், படிப்பதோடு எழுதவும் வேண்டும் என்னும் ஆர்வம் சாமிநாதையருக்கு வளர்ந்தது. தாம் கற்பிக்கக்கூடியவை முடிந்துவிட்டதை உணர்ந்த ரெட்டியார், மேற்கொண்டு கற்பதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமாறு அறிவுறுத்தினார்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கல்வி

மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 - 1876) அக்காலத் தமிழ்ப் புலவர்களுள் தலைசிறந்தவராகக் கருதப்பட்டவர். தல புராணங்கள், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ், கோவை முதலிய நூல்களை மிகப் பெரிய அளவில் இயற்றியவர். திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாகவும் விளங்கினார். சாதி, சமய வேறுபாடு கருதாமல் தம்மை நாடி வந்தோர்க்கெல்லாம் பாடம் சொன்னார். கிறித்தவரான சவேரிநாத பிள்ளை, இசுலாமியரான குலாம் காதர் நாவலர் ஆகியோரும் இவருடைய மாணவர்களே.

1871 ஆம் ஆண்டு மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) பிள்ளையிடம் தந்தை மகனை அழைத்துச் சென்று சேர்த்தார். மாணவரைச் செய்யுள் சொல்லச் செய்து சோதித்த பின்னர், பிள்ளை அவரை ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்பதைவிட வீட்டுப் பெயரான சாமிநாதன் என்பதே பிள்ளைக்குப் பிடித்திருந்தது. அன்று முதல் அப்பெயரே நிலைத்தது.

தொடக்கத்தில் மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையிடமே சாமிநாதையர் பாடம் கேட்க நேர்ந்தது. ஆசிரியரிடம் நேரடியாகக் கற்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. பிள்ளைக்குத் தோட்டத்தில் மிகுந்த ஈடுபாடு உண்டு. தம் வீட்டில் நட்ட மரங்கள் தளிர்த்துள்ளனவா என்று காலையில் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். இதனைக் கவனித்த மாணவர், நாள்தோறும் முன்னதாகவே எழுந்து எந்தச் செடியில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்து, ஆசிரியர் வரும்போது காட்டினார். இவ்வாறு ஏற்பட்ட நெருக்கத்தைப் பயன்படுத்தித் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பின்னர் ஆசிரியரே நேரடியாகப் பாடம் சொல்லத் தொடங்கினார்.

பிள்ளை செய்யுள் இயற்றும் முறை சாமிநாதையரின் எழுத்துப் பயிற்சிக்கு அடிப்படையாயிற்று. பிள்ளை எழுத்தாணியைக் கையில் எடுப்பதில்லை. அவர் மனத்தில் அமைத்துச் செய்யுட்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டே செல்ல, அருகிலிருக்கும் மாணவர் ஓலையில் எழுதுவார். பின்னாளில் இப்பணி சாமிநாதையருக்கும் கிடைத்தது. சொற்கள் செய்யுளாக அமையும் விதத்தை அருகிலிருந்து பார்த்ததோடு, பிழையின்றி விரைந்து எழுதும் பழக்கமும் ஏட்டுச் சுவடிகளைத் தயக்கமின்றிப் படிக்கும் திறமையும் இதனால் அவருக்கு வாய்த்தன.

இசையும் தமிழும்

தந்தையின் விருப்பப்படி சாமிநாதையர் மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசை பயின்றார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றியவர் இப்பாரதியார். இசைப் பயிற்சி தமிழ்க் கல்வியிலிருந்து மனத்தைத் திருப்பிவிடும் என்பது பிள்ளையின் எண்ணமாக இருந்தது. ஆசிரியருக்கு விருப்பமில்லை என்பதை அறிந்த மாணவர் அப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். எனினும் இளமையில் பெற்ற இசையறிவு வீணாகவில்லை. கல்லூரி ஆசிரியரான பின்னர்ச் செய்யுட்களை இசையோடு படித்துக் காட்டி மாணவர்களை ஈர்க்க அது உதவியது.

ஆசிரியரின் மறைவு

மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெப்ரவரி 1, 1876 இல் காலமானார். அவருடைய இறுதி நேரத்தில் சாமிநாதையரும் சவேரிநாத பிள்ளையும் உடனிருந்தனர். ஆசிரியரின் விருப்பப்படி திருவாசகத்தின் அடைக்கலப் பத்தைச் சாமிநாதையர் வாசித்தார். அதன் பின்னர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மடத்திலேயே தங்கி, தேசிகரிடம் பாடம் கேட்டும் இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லியும் வந்தார். 1878 ஆம் ஆண்டில் வேணுவனலிங்க விலாசச் சிறப்பு என்னும் செய்யுள் தொகுப்பு அவர் பதிப்பில் வெளியாயிற்று. அச்சுத் தொழிலோடு அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு இதுவாகும்.

கும்பகோணத்தில் ஆசிரியப் பணி

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரே. 1880 ஆம் ஆண்டில் பணியிலிருந்து விலகியபோது, தம் இடத்திற்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இந்த நன்றியை மறவாத சாமிநாதையர், பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியை அடுத்த திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த வீட்டிற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார்.

அப்போது அவருக்கு வயது 25. பெரும் புலவரிடம் முறையாகப் பயின்றவர், மடத்தில் மதிப்புப் பெற்றவர், கல்லூரி ஆசிரியர் என்ற நிலையில், தமிழில் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதியைக் கற்றுவிட்டதாகக் கருதுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது.

சேலம் இராமசுவாமி முதலியார் சந்திப்பு

சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றிருந்ததோடு தமிழிலும் ஆர்வம் கொண்டவர். அக்டோபர் 21, 1880 அன்று சாமிநாதையர் அவரைச் சந்தித்தார்.

முதலியார் அவரிடம் என்னென்ன நூல்கள் படித்துள்ளார் என்று கேட்டார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றை வரிசையாகச் சொன்னார். அந்த நீண்ட பட்டியல் முதலியாரை வியப்பில் ஆழ்த்தவில்லை. அவை அனைத்தும் பிற்கால நூல்கள் என்றும், அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றும் வினவினார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பெயர்களைக் குறிப்பிட்டார். சாமிநாதையர் அவற்றைப் படித்திருக்கவில்லை.

இது சாமிநாதையர் ஒருவரின் குறை அன்று. சைவ மடங்களைச் சார்ந்த கல்வி முறையில் சமண, பௌத்தக் காப்பியங்களுக்கு இடம் இருக்கவில்லை. சங்க நூல்கள் பாடமாக நடைபெறவில்லை. சிலப்பதிகாரமா, சிறப்பதிகாரமா என்ற ஐயம்கூட அக்காலத்துப் புலவர்களிடையே நிலவியது. சீவக சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகம் 1868 இல் பவர் பாதிரியாரால் அச்சிடப்பட்டிருந்தது. முழு நூலும் உரையுடன் அச்சாகவில்லை.

முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைச் சாமிநாதையருக்குக் கொடுத்து, அதனைத் தமக்குப் பாடம் சொல்லுமாறு கேட்டார். கற்பிப்பதற்காகவே ஒரு நூலைப் புதிதாகக் கற்க வேண்டிய நிலை ஆசிரியருக்கு ஏற்பட்டது. அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனையாக இந்நிகழ்ச்சி கருதப்படுகிறது.

சீவக சிந்தாமணியைக் கற்றல்

திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்ட சமண காப்பியமாகும். இதற்கு நச்சினார்க்கினியர் உரை எழுதியுள்ளார். சாமிநாதையருக்குச் செய்யுள் நடை விளங்கினாலும், அதிலுள்ள சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. அவற்றைச் சொல்லித் தரப் புலவர் எவரும் இருக்கவில்லை.

கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்ந்து வந்தனர். அவர்களிடையே சிந்தாமணி பயபக்தியுடன் படிக்கப்பட்டு வந்ததைச் சாமிநாதையர் அறிந்தார். அவர்களுள் ஒருவரான சந்திரநாத செட்டியாரை அணுகித் தம் ஐயங்களைக் கேட்டார். கல்லூரி ஆசிரியரான அவர், தாம் அறியாததை அறிந்தவர்களிடம் மாணவராக அமர்வதற்குத் தயங்கவில்லை. சமணர்களும் தங்கள் சமயத் தத்துவங்களையும் வழக்கங்களையும் விளக்கினர். வேறு சமயத்தைச் சார்ந்த நூலை, அச்சமயத்தவரிடமே கேட்டுப் பொருள் காணும் இம்முறையை அவர் பிற்காலத்திலும் பின்பற்றினார்.

நச்சினார்க்கினியர் உரையில் பல பழைய நூல்களிலிருந்து மேற்கோள்கள் இடம்பெற்றிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நூற்பெயர் குறிக்கப்படவில்லை. அவை எந்த நூல்களைச் சேர்ந்தவை என்று அறியும் முயற்சியில் இறங்கிய சாமிநாதையர், திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளுள் எட்டுத்தொகை நூல்களின் மூலம் அடங்கிய ஏட்டைக் கண்டார். ஒரு நூலின் உரையை விளங்கிக்கொள்ளச் சென்றவர்க்குச் சங்க இலக்கியத்தின் வாயில் இவ்வாறு திறந்தது.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்பது எளிய வேலை அன்று. ஓலை கிழிந்துவிடும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். பூச்சி அரித்த இடங்களிலும் முறிந்த இடங்களிலும் எழுத்துகளே இருப்பதில்லை. ஆகவே ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடி எடுத்து ஒப்புநோக்கினால்தான் சரியான பாடத்தைத் துணிய முடியும்.

இதற்காகச் சாமிநாதையர் விடுமுறை நாட்களில் மடங்களுக்கும் பரம்பரைக் கவிராயர்களின் வீடுகளுக்கும் பயணம் செய்தார். ஆழ்வார்திருநகரியில் தேவர்பிரான் கவிராயரிடமிருந்த சுவடி பத்துப்பாட்டுப் பதிப்புக்குத் துணை செய்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் வரும் பகுதியில் சில பெயர்கள் பல பிரதிகளில் விடுபட்டிருந்தன. தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் அவை கிடைத்தன. சில இடங்களில் அவர் சென்று சேர்வதற்குள் சுவடிகள் அழிந்துவிட்டிருந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியையே அவர் அங்குக் கேட்க நேர்ந்தது.

பழைய நூல்களைப் பதிப்பிப்பதில் இவருக்கு முன்னோடிகளாக ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகியோர் இருந்தனர். தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி, சாமிநாதையரிடமிருந்த பிரதிகளைத் தருமாறு கேட்டார். அனுபவமும் செல்வாக்கும் மிக்கவரின் வேண்டுகோளை மறுப்பது கடினமாக இருந்தபோதிலும், பல ஆண்டுகள் உழைத்த நூலை விட்டுக்கொடுக்கச் சாமிநாதையர் உடன்படவில்லை. முன்கூட்டியே கையொப்பம் செய்தவர்களின் பொருளுதவியுடன் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

முக்கிய பதிப்புகள்

1887 - சீவக சிந்தாமணி
1889 - பத்துப்பாட்டு
1892 - சிலப்பதிகாரம்
1894 - புறநானூறு
1895 - புறப்பொருள் வெண்பாமாலை
1898 - மணிமேகலை
1903 - ஐங்குறுநூறு
1904 - பதிற்றுப்பத்து
1918 - பரிபாடல்
1924 - பெருங்கதை
1937 - குறுந்தொகை

இப்பதிப்புகளில் மூலத்தோடு நூலாசிரியர், உரையாசிரியர் பற்றிய வரலாறுகள், பாடவேறுபாடுகள், அரும்பத அகராதி, மேற்கோள் நூல்கள் பற்றிய குறிப்புகள் ஆகியவையும் இடம்பெற்றன. வழிகாட்டுவார் இன்றித் தாம் பட்ட இடர்ப்பாட்டைப் பின்னர்ப் படிப்பவர்கள் படக்கூடாது என்ற ஆசிரியருக்குரிய அக்கறை இவற்றில் வெளிப்படுகிறது.

மணிமேகலையும் பௌத்தமும்

மணிமேகலையைப் பதிப்பிக்கும்போது சிந்தாமணியில் ஏற்பட்டதைவிடப் பெரிய தடை எதிர்ப்பட்டது. சமணர்கள் கும்பகோணத்திலேயே இருந்தனர். ஆனால் பௌத்தம் தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கேட்டறிவதற்குத் தமிழ்ப் பௌத்தர் எவரும் கிடைக்கவில்லை.

இந்நிலையில் கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் உதவினார். அவர் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து அவற்றின் கருத்துகளைச் சாமிநாதையருக்கு எடுத்துரைத்தார். ஆங்கிலம் அறியாத தமிழாசிரியர், தமிழ்க் காப்பியம் ஒன்றின் பொருளை ஆங்கில நூல்கள் வழியே தெளிந்தது குறிப்பிடத்தக்கது. இம்முயற்சியில் பெற்ற அறிவைக் கொண்டு புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றித் தமிழ் உரைநடையில் அவர் எழுதினார். அது மணிமேகலைப் பதிப்போடு 1898 இல் வெளிவந்தது.

உரைநடை எழுத்து

1919 இல் ஓய்வு பெற்ற பின்னரும் பதிப்புப் பணி தொடர்ந்தது. 1906 இல் மகாமகோபாத்தியாய பட்டமும், 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும் என்ற நூலாக 1929 இல் வெளியாயின.

உரைநடை எழுத்தாளராக அவர் புகழ் பெற்றது 75 வயதுக்குப் பின்னராகும். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைப் பார்த்தால், அவற்றுள் பலவும் தம்மை உருவாக்கியவர்களைப் பற்றியவை என்பது புலனாகும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. தந்தைக்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையர், தமக்கு இசை கற்பித்த கோபாலகிருஷ்ண பாரதியார், தமக்குக் கல்லூரிப் பணியைப் பெற்றுத் தந்த தியாகராச செட்டியார் ஆகியோரைப் பற்றியும் நூல்கள் எழுதினார். நான் கண்டதும் கேட்டதும், புதியதும் பழையதும், நல்லுரைக் கோவை, நினைவு மஞ்சரி ஆகியவை அவருடைய கட்டுரைத் தொகுப்புகள் ஆகும். கடினமான பண்டை நூல்களோடு வாழ்நாளைக் கழித்தவராயினும், இக்கட்டுரைகளின் நடை எளிமையானது.

என் சரித்திரம் என்னும் தன்வரலாறு சனவரி 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. இப்பணியில் மாணவர் கி. வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். ஆசிரியர் சொல்ல ஓலையில் எழுதிய மாணவர், ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின்னர்த் தாமும் ஒரு மாணவரின் துணையோடு எழுதலானார். 19 ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் கல்விமுறை, மடங்கள், இசை, கிராம வாழ்க்கை ஆகியவற்றை அறிய இந்நூல் முதன்மையான சான்றாக விளங்குகிறது.

இறுதிக்காலமும் நினைவும்

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை தாக்கப்படலாம் என்ற அச்சத்தால் பலர் நகரை விட்டு வெளியேறினர். 1942 இல் சாமிநாதையரும் திருக்கழுக்குன்றத்திற்கு இடம் பெயர்ந்தார். ஏப்ரல் 28, 1942 அன்று அங்கேயே காலமானார். என் சரித்திரம் நிறைவு பெறாமலே நின்றது. அவர் எழுதியிருந்த 122 அத்தியாயங்களை அவருடைய மகன் கலியாணசுந்தரையர் 1950 இல் நூலாக வெளியிட்டார்.

அவர் சேகரித்த சுவடிகளையும் நூல்களையும் காக்கும் பொருட்டு, 1943 ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் இது பெசன்ட் நகருக்கு மாறியது. ருக்மிணி தேவி அருண்டேல் இந்நூல் நிலையம் அமைய உதவினார். 2006 இல் இந்திய அஞ்சல் துறை உ. வே. சா. நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

தன்வரலாற்றில் தாம் படித்திராத நூல்களைப் பற்றி முதலியார் கேட்ட நாளை அவர் மறைக்கவில்லை. அந்த நாளைத் தேதியோடு பதிவு செய்துள்ளார்.